பி.பி.எஃப். போட்ட காரில் ஒட்டியதை எடுப்பது: பசை பற்றி ஒரு குறிப்பு

காருக்கு ஒட்டுகிற சாமான் எது வாங்கினாலும் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் எப்படி ஒட்டுவது என்று படம் போட்டிருப்பார்கள். துடை, சிவப்புத் தாளை உரி, வை, அழுத்து. எப்படி எடுப்பது என்று நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் போட்டதில்லை. வெறும் பெயிண்ட் மேல் ஒட்டியிருந்தால் பெரிய விஷயமில்லை, எந்த டிங்கரிங் கடையிலும் சூடு காட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெயிண்ட்டுக்கு மேல் பி.பி.எஃப். என்கிற பாதுகாப்புப் படலம் போட்டு, அந்தப் படலத்தின் மேல் சாமானை ஒட்டியிருந்தால் கணக்கே வேறு.

நான் இதில் இறங்கக் காரணம் செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு வெள்ளைக் கார். முந்தைய ஓனர் முழு காருக்கும் படலம் போட்டிருந்தார். லட்சத்தை ஒட்டி ஆகிற வேலை. அதற்கு மேல் நாலு கதவிலும் சைடு பீடிங், பம்பர் மூலைகளில் கறுப்பு கார்டு, டிக்கியில் ஒரு குரோம் வேல். வேலைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. மற்றதெல்லாம் போகணும். கார் கழுவுகிற இடத்தில் விசாரித்தேன். "ஹீட் கன் காட்டி ஒரே இழு சார், வந்துடும்" என்றார் அங்கிருந்த பையன். வந்துடும்தான், அதில் சந்தேகமில்லை. எது வரும் என்பதுதான் என் கேள்வி.

வெளியிலிருந்து உள்ளே அடுக்குகளை எண்ணிப் பார்ப்போம். முதலில் பிளாஸ்டிக் பீடிங். அதன் முதுகில் இரண்டு பக்கமும் பசை உள்ள நுரை டேப், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதற்கடியில் படலம், 150 முதல் 200 மைக்ரான் வரை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள். இந்தப் படலத்திலேயே மூன்று அடுக்கு உண்டு. மேலே ஒரு மெல்லிய பூச்சு, சின்னச் சின்னக் கீறல் சூட்டில் தானாக மறைவது இதன் புண்ணியத்தில். நடுவில் பாலியூரித்தேன். கீழே அக்ரிலிக் பசை. அதற்கும் கீழேதான் காரின் கிளியர் கோட், நிறம், பிரைமர், தகடு.

பீடிங்கைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை இத்தனை அடுக்கு வழியாகவும் போய்த்தான் தகட்டைச் சேரணும். வரிசையில் எது பலவீனமோ அது முதலில் விடும். எங்கள் தொழிலில் ஒரு சர்வீஸ் இன்னொன்றைக் கூப்பிட, அது மூன்றாவதைக் கூப்பிட, லோடு ஏறும்போது எது முதலில் விழும் என்று பார்ப்போமே, அதே கதை. இங்கே விஷயம் என்னவென்றால், நுரை டேப் என்பது வாழ்நாள் முழுக்கப் பிரியக்கூடாது என்று செய்யப்பட்டது. படலத்தின் பசையோ, சில வருஷம் கழித்துப் படலத்தை உரிக்கும்போது பெயிண்ட்டை விட்டுவிட்டு வரணும் என்று வேண்டுமென்றே அடக்கமாகச் செய்யப்பட்டது. இரண்டையும் மோதவிட்டால் தோற்கப்போவது எது என்று சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் நிற்காமல் உருண்டோடுகிற மேல்பூச்சு உள்ள படலங்களில் சில டேப்புகள் சரியாகவே பிடிப்பதில்லை. ஓரத்தில் நகத்தை விட்டதுமே சாமான் கையோடு வந்துவிடும். அப்படி வந்தால் சந்தோஷம், மேற்கொண்டு படிக்கவேண்டாம்.

ஒட்டவும் வேண்டும், போகும்போது பெயிண்ட்டைக் கொண்டுபோகவும் கூடாது என்கிற இந்தத் தலைவலி கார்களுக்குப் புதிதில்லை. மாஸ்கிங் டேப் பிறந்ததே இதிலிருந்துதான். 1920-களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் ஃபேஷன். ஒரு நிறத்தை அடித்து முடித்து, அதன் மேல் காகிதத்தைப் பசை தடவி ஒட்டி மறைத்து, அடுத்த நிறத்தை அடிப்பார்கள். காகிதத்தை உரிக்கும்போது முதல் நிறமும் கூடவே வந்துவிடும். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் த்ரீ எம் கம்பெனியில் ஆய்வக உதவியாளராக இருந்த ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாள் சோதனைக்காக ஒரு பெயிண்ட் கடைக்குப் போனவர், அங்கே பெயிண்டர்கள் திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். 1925-இல் மாஸ்கிங் டேப் வந்தது. அதே கம்பெனிதான் 1980-இல் எதிர்த்திசையில் போய், ஆணிக்கும் ரிவெட்டுக்கும் பதிலாக நிற்கக்கூடிய அக்ரிலிக் நுரை டேப்பைக் கொண்டுவந்தது. நம் பீடிங்கின் முதுகில் இருப்பது அந்த வம்சம். பாலியூரித்தேன் படலத்தின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை: வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் விசிறி இறக்கைகளை மணலும் தூசியும் அரிக்காமல் இருக்க ஒட்டினார்கள். அங்கிருந்து பந்தயக் கார், பிறகு நம் தெருக் கார்.

சரி, இழுத்தால் சரியாக என்ன நடக்கிறது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும்.

ஒட்டின ஒன்றைப் பிரிக்க இரண்டு வழி. ஒன்று ஓரத்தைத் தூக்கி உரிப்பது. இன்னொன்று பக்கவாட்டில் தள்ளுவது. பக்கவாட்டில் தள்ளும்போது ஒட்டின பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்க்கும், அதனால் அசையாது. உரிக்கும்போது மொத்த விசையும் பிரிகிற விளிம்பில், ஒரு மெல்லிய கோட்டில் போய்க் குவியும். அதனால்தான் பக்கவாட்டில் மலைபோல் நிற்கிற டேப்பை ஓரத்தைத் தூக்கி ஒரு குழந்தை உரித்துவிடுகிறது. உரிப்பது சுலபம் என்று நமக்குத் தோன்றுவது இதனால். ஆனால் நம் கேஸில் அந்த மெல்லிய கோடு எங்கே அமையும்? பீடிங்கின் ஓரத்தைத் தூக்குகிறோம். நுரை டேப் படலத்தை விடவில்லை. படலம் வளையக்கூடியது, அதனால் டேப்போடு சேர்ந்து அதுவும் எழும்புகிறது. பீடிங்கின் ஓரத்தில் ஒரு குட்டிக் கூடாரம் உருவாகும். கூடாரத்தின் அடிவிளிம்பில் இப்போது உரிபடுவது படலத்தின் பசை. நாம் உரிக்க நினைத்தது மேல் பசையை, உரித்துக்கொண்டிருப்பதோ கீழ்ப் பசையை. ஒருமுறை அடியில் காற்று புகுந்துவிட்டால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அழுத்தினால் படியும், ஆனால் பசை இழுபட்ட தடம் பெரும்பாலும் தங்கிவிடும்.

அடுத்தது வேகம். அக்ரிலிக் பசை திடமும் இல்லை, திரவமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். ஜவ்வு மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் துண்டாகும். பசையும் மெதுவாக இழுத்தால் வழிந்து இடம் கொடுக்கும், வேகமாக இழுத்தால் விறைத்து எதிர்க்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாலிமர்களில் சூடும் நேரமும் ஒன்றுக்கொன்று மாற்று என்பது. வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்று மூவர் 1955-இல் இதற்கு ஒரு சமன்பாடே கொடுத்தார்கள். வெப்பநிலையை ஏற்றுவதால் கிடைக்கும் இளக்கத்தை, ஏற்றாமல் காத்திருந்தும் ஓரளவு வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் சூடு காட்டி மெதுவாக இழுத்தால் போதுமே என்று தோன்றும். இணையத்தில் பார்த்த பாதிக் காணொளிகளும் அதைத்தான் சொல்கின்றன. வெறும் பெயிண்ட்டுக்கு அது சரி. படலத்துக்குச் சரியில்லை, காரணம் எளிது: டேப்பின் பசையும் அக்ரிலிக், படலத்தின் பசையும் அக்ரிலிக். சூடு இரண்டையும் இளக்கும். மெதுவாக இழுத்தால் இரண்டும் வழிந்து கொடுக்கும். போட்டியில் இரண்டு பேருக்கும் ஒரே உதவி செய்துவிட்டு யாரோ ஒருவர் ஜெயிக்கணும் என்று எதிர்பார்ப்பது எப்படி? இன்னும் சொன்னால், பழைய படலத்தைக் கழற்றுகிற கடைக்காரர்கள் செய்வதே சூடு காட்டி மெதுவாக இழுப்பதுதான். படலத்தை எடுக்கிற செய்முறையை அப்படியே நடத்திவிட்டு, படலம் வந்துவிட்டதே என்று அழுது பயனில்லை.

ஆகவே எந்தப் பசை முதலில் விடும் என்ற போட்டியையே நடத்தக்கூடாது. எங்கே பிரியணும் என்பதை நாமே முடிவு செய்யணும். அதற்கு இருக்கிற ஒரே நல்ல இடம் நுரை டேப்பின் வயிறு. அந்த ஒரு மில்லிமீட்டர் நுரையை நடுவில் அறுத்துவிட்டால் படலத்தின் மீது மேல்நோக்கி இழுவையே வராது. தோசையை ஓரத்தைப் பிடித்து இழுத்தா எடுக்கிறோம்? திருப்பியை அடியில் விடுகிறோம்.

அறுக்க ஏற்ற கருவி தூண்டில் நரம்பு. பின்னல் நரம்பாக இருந்தால் இன்னும் நல்லது, அதன் சொரசொரப்பு ரம்பம் மாதிரி வேலை செய்யும். பல் இடுக்கு சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நூலும் ஆகும், அடிக்கடி அறுந்து பொறுமையைச் சோதிக்கும், அவ்வளவுதான். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், வீட்டுப் பட்டிக் கத்தி எதுவும் படலத்தின் பக்கமே வரக்கூடாது. தானாக ஆறுகிற மேல்பூச்சு என்பது மேலோட்டமான கீறலுக்குத்தான், இரும்பு முனை போட்ட வெட்டு ஆறாது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, சாமான் உண்மையிலேயே படலத்தின் மேல்தான் இருக்கிறதா, அல்லது சாமானைச் சுற்றிப் படலத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களா. மொபைல் டார்ச்சை சாய்வாக அடித்து ஓரத்தைப் பார்த்தால் படலத்தின் வெட்டு விளிம்பு மயிரிழைக் கோடாகத் தெரியும். சுற்றி வெட்டியிருந்தால் பிரச்சினை வெறும் பெயிண்ட் பிரச்சினைதான், அந்த விளிம்பைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாவது, அது வெளியில் வாங்கி ஒட்டினதா, கம்பெனியிலேயே வந்ததா. தொழிற்சாலையில் பொருத்துகிற சில எம்ப்ளங்களுக்கும் மோல்டிங்குகளுக்கும் பின்னால் தகட்டுத் துளையில் உட்காரும் சின்னப் பின்கள் இருக்கும். நரம்பு ஏதோ ஒன்றில் முட்டி நின்றால் பலம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

காரை முதலில் கழுவணும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணல், நரம்போடு சேர்ந்து ஓடி உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். பிறகு சாமானைச் சுற்றி, படலத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம். ட்ரூவின் டேப் நூறு வருஷம் கழித்தும் அதே வேலைக்கு வருகிறது. கார் ஷாம்பு சில சொட்டு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டு, நரம்பும் படலமும் எப்போதும் ஈரமாக இருக்கும்படி அடித்துக்கொண்டே இருக்கணும். காய்ந்த நரம்பு உரசுகிற இடத்தில் சூடேறி பாலியூரித்தேனில் கோடு போடும்.

நரம்பின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு மரக்குச்சியில் சுற்றிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, ரம்பம் இழுக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் மெதுவாக. நீளமான பீடிங் என்றால் இரண்டு பேர் வேணும். பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம், ஒரு கதவுக்கு அரைமணி நேரம் ஆனது. நரம்பு சாமானின் முதுகை உரசினால் பரவாயில்லை, படலத்தை உரசக்கூடாது. அதாவது தூக்கிப் போடுகிற பொருளை ஒட்டியே அறுத்துக்கொண்டு போகணும். மேலிருந்து கீழே வருவது வசதி. ஆனால் அறுபட்ட பகுதி தன் எடையால் தொங்க ஆரம்பித்தால், மிச்சம் ஒட்டியிருக்கும் பகுதியை அதுவே உரிக்கத் தொடங்கிவிடும். அறுத்த பகுதியை அவ்வப்போது மாஸ்கிங் டேப்பால் கதவோடு சேர்த்துத் தாங்கலாகக் கட்டிவைத்துவிடணும். இதை எந்தக் காணொளியிலும் யாரும் சொல்லவில்லை. பாதி கதவு முடிந்தபோது பீடிங்கின் முனை ஆடுவதைப் பார்த்துத் தோன்றியது.

சூடே வேண்டாமா? கொஞ்சம் வேணும். குளிரில் நுரை விறைப்பாகிவிடும், மலையூரில் இருப்பவர்களுக்குக் காலையில் இந்த வேலை ஓடாது. சென்னையில் காலை வெயில் பட்ட கதவே போதுமானது. உள்ளங்கையை வைத்து அஞ்சு வினாடி சிரமமில்லாமல் பொறுக்க முடிந்தால் அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை. ஹேர் டிரையர் சரி. ஹீட் கன் வேண்டவே வேண்டாம், அதன் காற்று 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மத்தியான வெயிலில் நின்ற காரில் இதைத் தொடங்கவும் வேண்டாம்.

பம்பர் மூலை தனி ரகம். வளைவான இடத்தில் படலத்தை இழுத்து நீட்டித்தான் போட்டிருப்பார்கள். நீட்டப்பட்ட பாலியூரித்தேன் பழைய அளவுக்குத் திரும்பவே பார்த்துக்கொண்டிருக்கும், பசைதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. சூடு காட்டினால் பசை தளரும், படலம் சுருங்க இடம் கிடைக்கும், விளிம்பு எழும்பும். அதனால் பம்பரில் நான் சூடே காட்டவில்லை, ஈரமும் நரம்பும் மட்டும்தான். நேரம் இரண்டு மடங்கு ஆனது.

சாமான் வந்த பிறகு படலத்தின் மேல் நுரையும் பசையுமாக ஒரு கறுப்புப் பட்டை மிச்சம் நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கஷ்டமான பாகம் முடிந்துவிட்டது. கட்டைவிரலால் ஓரத்திலிருந்து உருட்டினால் அழிரப்பர் துகள் மாதிரி திரண்டு உருண்டு வரும். உருட்டும்போது விசை பக்கவாட்டில் போகிறது, மேலே இழுப்பதில்லை, அதனால் படலத்துக்கு ஆபத்தில்லை. விரல் வலிக்கும். இந்த வேலைக்கென்று டிரில்லில் மாட்டுகிற ரப்பர் சக்கரம் விற்கிறார்கள். பெயிண்ட்டுக்கு அருமையான கருவி, படலத்தில் வைத்தால் உரசல் சூட்டில் மேல்பூச்சு கருகிவிடும்.

கடைசியில் தங்கும் பிசுபிசுப்புக்குத்தான் கரைப்பான். எது எதைக் கரைக்கும் என்பதற்கு சார்ல்ஸ் ஹான்சன் 1967-இல் ஒரு முறை வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள். இரண்டு பொருள்களின் எண்கள் நெருங்கி இருந்தால் ஒன்றில் ஒன்று கரையும் அல்லது ஊதும். அந்தக் கண்ணால் பார்த்தால் தின்னரும், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனும் இங்கே ஏன் ஆகாது என்று புரியும். அவை பசையோடு நிற்காமல் பாலியூரித்தேனையும் ஊதவைக்கும், மேல்பூச்சு மங்கிவிடும். பெட்ரோலிலும் படலத்துக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு கலந்திருக்கிறது, அதோடு தீப்பிடிக்கும், விட்டுவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இதமானது. பசையை முழுசாகக் கரைக்காது, ஊறவைத்துப் பிடியைத் தளர்த்தும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனின் என்கிற பொருள். பசை நீக்கி என்று விற்கிற பல திரவங்களின் மூலசரக்கு அதுவே. நம் வீட்டு நீலகிரித் தைலமும் இந்த வேலையைச் செய்யும், புட்டியில் லேபிள் பசையை எடுக்க அம்மா அதைத்தான் எடுப்பார். மலைக்காட்டுக்கு விறகுக்காகக் கொண்டுவந்து வைத்த மரம், தலைவலிக்கும் ஆகிறது, காருக்கும் ஆகிறது. எண்ணெய்ப் பசை மிஞ்சும், ஷாம்பு போட்டுக் கழுவிவிடணும்.

எந்தத் திரவமானாலும் துணியில் நனைத்துத்தான் தொடணும், படலத்தின் மேல் நேரடியாக ஊற்றக்கூடாது. கதவு விளிம்பில் படலத்தின் வெட்டு ஓரம் இருக்கும். அங்கே திரவம் சேர்ந்தால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அடியில் இழுத்துக்கொள்ளும், கீழ்ப் பசை இளகி ஓரம் கிளம்பிவிடும். ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் துடைக்கணும். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. காரணம், சந்தையில் பி.பி.எஃப். என்ற பெயரில் பாலியூரித்தேன் மட்டுமில்லை, மலிவான பி.வி.சி. படலங்களும் விற்கின்றன. அவை இன்னும் எளிதில் மங்கும்.

இதுவரை பயந்தது படலத்துக்காக. செகண்ட் ஹேண்ட் காரில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் பெயிண்ட்டை ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். அடிபட்டு ரீபெயிண்ட் ஆன கதவை வொர்க்‌ஷாப்பில் 60 டிகிரியை ஒட்டித்தான் காயவைக்க முடியும், சின்னக் கடைகளில் அதுவும் கிடையாது. தகட்டை ஒழுங்காகத் தேய்த்துத் தயார் செய்யாமல் அடித்திருந்தால், வரிசையில் பலவீனமான கண்ணி படலத்தின் பசை இல்லை, பெயிண்ட்டே தான். அப்போது படலம் எழும்பினால் கூடவே பெயிண்ட் துண்டு வரும். படலம் போனால் ஒரு கதவுக்கு மட்டும் மாற்றலாம். பெயிண்ட் போனால் கதவு முழுக்க மறுபடி அடித்து, அதற்கு மேல் படலம். பழைய கார் பார்க்க வருகிற மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயிண்ட் தடிமன் மீட்டரால் நாலு கதவையும் அளக்கச் சொல்லுங்கள். படலமும் சேர்ந்தே அளவு காட்டும், ஆனால் நாலிலும் ஒரே படலம்தான். ஒரு கதவு மட்டும் மற்றதைவிட நூறு, நூற்றைம்பது மைக்ரான் கூடுதலாகக் காட்டினால் அந்தக் கதவின் பீடிங்கை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அக்ரிலிக் நுரை டேப் ஒட்டினவுடன் முழுப் பிடியைக் காட்டாது. சாதாரண வெப்பநிலையில் 20 நிமிடத்தில் பாதி, 24 மணியில் 90 சதவீதம், 72 மணியில் முழுமை என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. ஷோரூமில் இலவசம் என்று ஒட்டிக்கொடுத்தது பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அப்போதே எடுக்கச் சொல்லிவிடணும். ஆயுதபூஜை வரை பார்க்கலாம் என்று தள்ளினால் டேப் ஜெயித்துவிடும்.

எல்லாம் எடுத்த பிறகும் சாமான் இருந்த இடத்தின் உருவம் தெரிந்தால் பதறவேண்டாம், கோளாறு உங்கள் கையில் இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு அழுக்குக் கோடு என்றால் இரண்டு மூன்று கழுவலில் போய்விடும். உள்ளே வெளுப்பாகவும் சுற்றிலும் லேசான மஞ்சளாகவும் இருந்தால் அது வெயில் போட்ட வித்தியாசம். சாமானுக்கு அடியில் புற ஊதாக் கதிர் படவில்லை, வெளியே பட்டிருக்கிறது. பாலிஷ் போட்டாலும் அது மாறாது. வெள்ளைக் காரில் சாய்ந்த வெயிலில் தெரியும், மற்ற நிறங்களில் தேடினால்தான் தெரியும். அந்தக் கோட்டின் மேல் இன்னொரு பீடிங்கை ஒட்டி மறைக்கச் சொல்லி கடையில் நிச்சயம் சொல்வார்கள்.